படுத்த சிப்பாயை எழுப்பும் விதி

நான் பொம்மைச் சிப்பாய்களை வைத்து யுத்தம் செய்கிறவள். சிரிக்க வேண்டும் என்று தோன்றுகிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடலாம், நான் காத்திருக்கிறேன். கொலுப் பொம்மை வைத்தால் பக்தி, சிப்பாய்ப் பொம்மை வைத்தால் பைத்தியம் என்று என் சொந்தக்காரர்கள் எப்போதோ தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அதிலும் நாற்பதை நெருங்குகிற பொம்பளை, துடியலூரில் சொந்த வீடு, பம்ப் கம்பெனியில் கம்ப்யூட்டரில் வரைபடம் போடுகிற கௌரவமான வேலை. இவளுக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை?

என்ன வேலை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். விரல் உயரம்கூட இல்லாத காலாட்படைச் சிப்பாய்கள், பக்கத்துக்கு ஆறேழு பேர். சாப்பாட்டு மேஜை அளவுக்கு ஒரு பலகை. அதன் மேல் தெர்மகோலில் வெட்டி வண்ணம் அடித்த வரப்பு, கிணறு, மோட்டார் ரூம், கல் வேலி, நாரில் செய்த தென்னை மரங்கள். ஒருவன் எவ்வளவு தூரம் நகரலாம் என்பதை டேப் பிடித்து அளப்போம். சுட்டது பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். ஆனால் யார் யாரைப் பார்க்க முடியும், சுவருக்குப் பின்னால் பாதி உடம்பு மறைந்தவனுக்கு என்ன சலுகை, குறுக்கே ஓடுகிறவனை எப்போது சுடலாம் என்பதையெல்லாம் பகடை சொல்லாது. அதை ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும். எங்கள் மேஜைக்கு எழுதியவள் நான்.

எழுதத் தொடங்கியதற்குக் காரணம் ஒரு எரிச்சல். அதற்கு முன்னால் பல வருடங்கள் வெளிநாட்டிலிருந்து வந்த விதிகளை வைத்துத்தான் ஆடினேன். நல்ல விதிகள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு இடம் வரும். சிப்பாய்க்கு அருகில் குண்டு போகும். அடிபடாது, ஆனால் பயந்து தரையில் படுத்துவிடுவான். அடுத்த முறை வரும்போது பகடையை உருட்ட வேண்டும். நாலோ அதற்கு மேலோ விழுந்தால், ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து ஓடுவான். அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாலு விழுந்தால் எழுந்துகொள்ளும் பயம் எனக்குத் தெரிந்த பயம் இல்லை.

எனக்குத் தெரிந்த பயம் எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் குடும்பத்துக்கு மலையடிவாரத்தில் ஒரு தோட்டம் உண்டு. கல்யாணமாகி வந்த புதிதில், ஒரு விடிகாலை, வாழைக்குத் தண்ணீர் திருப்பியிருந்த வாய்க்கால் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். யானை வரும் என்று தெரியும். எங்கள் பக்கத்தில் யானை வராத தோட்டம் எது? ஆனால் வரும் என்று தெரிந்திருப்பது வேறு, வாழைக்குள்ளிருந்து அது வெளியே வந்து முன்னால் நிற்பது வேறு. நான் ஓடவில்லை, கத்தவும் இல்லை. வாய்க்காலுக்குள் குப்புறக் கிடந்தேன். விழுந்தேனா, நானாகப் படுத்தேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அது என்னைத் தாண்டிப் போனது. கம்பி வேலியை முறித்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. போய்விட்டது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. எழுந்திரு என்று எனக்கு நானே சொன்னேன். கை அசையவில்லை, காலும் அசையவில்லை. தண்ணீர் கன்னத்தை நனைத்துக்கொண்டு ஓடியது, மூக்கு மட்டும் வெளியே இருந்தது. களத்து மேட்டிலிருந்து என் வீட்டுக்காரரும் அவர் தம்பிகளும் கூப்பிட்டார்கள். "போயிருச்சு, எந்திரிச்சு வா." நாலைந்து முறை கத்திய பிறகு அந்தக் கத்தல் சிரிப்பாக மாறியது. ஒவ்வொரு சிரிப்பும் யாருடையது என்றுகூட என்னால் சொல்ல முடிந்தது. உடம்பு மட்டும் என் சொல் கேட்கவில்லை.

கடைசியில் வந்தவர் என் வீட்டுக்காரரின் அக்கா. நாத்தனாரை எங்கள் பக்கம் நங்கை என்போம். கட்டியிருந்த சேலையோடு வாய்க்காலில் இறங்கி, என் பக்கத்தில் உட்கார்ந்து, முதுகில் கையை வைத்தார். "நான் வந்துட்டேன் கண்ணு. எந்திரி, போலாம்." எழுந்துவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

ஆனால் குடும்பத்துக்கு அது அவ்வளவோடு முடியவில்லை. என் வீட்டுக்காரர் நல்ல மனிதர், ஆனால் பந்தியில் உட்கார்ந்தால் வாய் நிற்காது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் அந்த யானைக் கதையைக் கேட்பார். "யானை மேட்டுப்பாளையம் போய்ச் சேந்துருச்சு, இவ இன்னும் வாய்க்கால்லயே கெடக்கறா" என்று அவர் முடிப்பார். மொத்தப் பந்தியும் சிரிக்கும். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்று நானும் இலையைப் பார்த்துச் சிரித்துவைப்பேன். வருடக்கணக்காகச் சிரித்தேன்.

ஆகவே என் விதி இப்படி எழுதப்பட்டது. குண்டு அருகில் போனவன் படுத்துவிடுவான். படுத்தவன் தானாக எழ முடியாது. அவன் கூட்டாளி ஒருவன் அவனுக்கு ஒரு சாண் தூரத்துக்குள் போய், அந்த முறை சுடாமல், வேறு எதுவும் செய்யாமல், அவன் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் எழுவான். இதற்கு விதிவிலக்கு கிடையாது. அனுபவசாலி, அதிகாரி, பதக்கம் வாங்கியவன் யாராக இருந்தாலும் இதேதான்.

இந்த ஒரு விதி மேஜையையே மாற்றிவிட்டது. மற்ற ஆட்டங்களில் ஆளுக்கொரு மூலையாகச் சிதறி ஓடும் சிப்பாய்கள், என் ஆட்டத்தில் இரண்டிரண்டு பேராக நகர ஆரம்பித்தார்கள். ஒருவனைத் தனியாகக் கிணற்றடிக்கு அனுப்புவதற்கு முன்னால் ஆடுகிறவர் யோசித்தார். எனக்கு அது பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் என் வீட்டுக் கார் ஷெட்டில் ஆடிப் பார்த்தோம். எனக்குக் கூட்டாளிகள் இரண்டு பேர். ஒருவர் துடியலூரிலேயே இருக்கும் பல் டாக்டர். இன்னொருவர் கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர். டாக்டரிடம் பல் பிடுங்க வந்து, அங்கே கண்ணாடி அலமாரியில் இருந்த சிப்பாய்களைப் பார்த்து, வாய் மரத்துப்போன நிலையிலேயே இதெல்லாம் என்னங்க என்று விசாரித்து எங்களோடு சேர்ந்தவர். இரண்டு பேரும் தங்கமானவர்கள். அதுதான் கேடாகப் போயிற்று.

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் எப்படி இருந்தது என்று கேட்பேன். "நல்லா இருக்குதுங்க" என்பார் தோப்புக்காரர். "ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்பார் டாக்டர். ஆட்டத்தின் நடுவே, சுவர் ஓரத்தில் நிற்கிறவன் தெரிகிறானா இல்லையா என்று சந்தேகம் வரும். "உங்களுக்குத் தெரியுதுன்னா தெரியுதுங்க, சுடுங்க" என்று ஒருவர் சொல்வார். "இல்லீங்க, மறைவா இருக்கான்னே வெச்சுக்கலாங்க" என்று சுட வேண்டியவர் விட்டுக்கொடுப்பார். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே ஆடினோம். ஒரு வாய்த்தகராறு வரவில்லை. விதிகள் பழுதில்லாமல் அமைந்துவிட்டன என்று நான் நம்பினேன்.

நம்பி, சென்னைக்கு அனுப்பினேன். மேஜை விளையாட்டுகளைப் பெட்டியில் போட்டு வெளியிடும் ஒரு சிறிய கம்பெனி அங்கே உண்டு. அதை நடத்துகிறவர் படித்துப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். காலை ரயிலில் சிப்பாய்களைப் பஞ்சில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு இளைஞர்களை ஆடவைத்தார்கள். புது விளையாட்டுகளில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் அவர்கள் வேலை.

என் விதிகளில் காத்திருப்பு என்று ஒன்று உண்டு. ஒரு சிப்பாய் தன் முறையில் நகராமல், எதிரி வெளியே வரட்டும் என்று குறிபார்த்து நிற்கலாம். எவன் முதலில் மறைவை விட்டு வருகிறானோ அவனைச் சுடலாம். அந்த இளைஞர்கள் இரண்டு பேரும் அத்தனை சிப்பாய்களையும் காத்திருப்பில் வைத்தார்கள். "பாஸ்" என்றான் ஒருவன், நகராமல் முறையை விடுகிறேன் என்று அர்த்தம். "பாஸ்" என்றான் மற்றவன். மறுபடியும் பாஸ். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு பிற்பகல் முழுக்க அதையே சொன்னார்கள். முதலில் நகர்கிறவனுக்குச் சாவு என்றால் யார் நகர்வார்கள்? ஒரு குண்டுகூட வெடிக்காமல் என் யுத்தம் அங்கே நின்றுபோனது.

"மேடம், உங்க ஊர்ல இவ்ளோ நாள் ஆடியிருக்கீங்க. இதை ஒருத்தர்கூடவா நோட் பண்ணலை?" என்று கம்பெனிக்காரர் கேட்டார்.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. பசங்களுக்கு ஆடத் தெரியவில்லை என்று திரும்பும் ரயிலில் ஈரோடு வரைக்கும் கறுவிக்கொண்டே வந்தேன். அதன் பிறகுதான் எங்கள் மேஜை நினைவுக்கு வந்தது. இரண்டு பக்கமும் காத்திருப்பில் நிற்கிற கட்டம் எங்களுக்கும் எத்தனையோ முறை வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் டாக்டர், "செரி, நானே வாரனுங்க" என்று ஒரு ஆளை வெளியே நகர்த்துவார். அவன் சுடப்படுவான். ஆட்டம் தொடரும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க டாக்டர், நீங்க சாகறதுக்குன்னே வெளிய வந்தீங்களா?"

அவர் சங்கடமாகத் தோப்புக்காரரைப் பார்த்தார். "இல்லீங்க, அண்ணன் ரொம்ப நேரமாக் குறி பாத்துட்டு இருந்தாருங்க. நம்மளுக்காக ஒருத்தரைக் காக்க வெக்கறது நல்லாருக்குமுங்களா?"

அந்த அண்ணனும் ஒத்துக்கொண்டார். டாக்டர் தன் ஆளை இப்படிக் கொடுக்கிறாரே என்று மனசு கேட்காமல், பல முறை வேண்டுமென்றே அவர் ஆள் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறாராம். எனக்குத் தலை சுற்றியது. சென்னை வரைக்கும் போய் வந்த விதிகள் இவை. நான் எழுதிய பயமும் துப்பாக்கிச் சூடும் இருக்கட்டும், இவர்கள் ஒரு வருடமாக என் மேஜையில் விருந்து உபசாரம் நடத்தியிருக்கிறார்கள்.

ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சண்டை போடத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாங்க போங்க எல்லாம் வெளியாளுக்கு. ஒரு முழ வரப்புக்காகத் தலைமுறை தாண்டியும் கோர்ட்டுக்கு நடக்கிற ஜனங்கள் நாங்கள். தோப்புக்காரருக்கே அப்படி ஒரு பங்காளி உண்டு. பெரியப்பா மகன், அடுத்த தோப்பு. இரண்டு தோப்புக்கும் நடுவிலுள்ள வரப்பும் அதன் மேல் நிற்கிற தென்னைகளும் யாருக்குச் சேரும் என்று வழக்கு நடக்கிறது. ஒரே கல்யாணத்துக்கு வருவார்கள், எதிர் எதிர் வரிசையில் உட்காருவார்கள், நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். எனக்கு வேண்டியது அந்த ஆள்தான் என்று அப்போது தோன்றியது.

"அவரெல்லாம் வர மாட்டாருங்க அம்மணி" என்றார் தோப்புக்காரர். நானே போன் போட்டேன். விளையாட்டைப் பற்றி நீட்டி முழக்கவில்லை. உங்கள் தம்பி இந்த மேஜையில் தோற்பதே இல்லைங்க என்று மட்டும் சொன்னேன். அந்தப் பங்காளிப் பெரியவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொந்த டேப்போடு வந்து இறங்கினார்.

அன்றைக்குத்தான் என் விதிகளுக்கு உண்மையான பரீட்சை. இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை, எல்லாம் என் வழியாகத்தான். "குண்டு அருகில் போனவன்னு எழுதியிருக்குது அம்மணி. அருகில்னா எத்தனை? சர்வேயர் வந்தா அருகில்னு எழுதிட்டுப் போவாரா?" என்று பெரியவர் கேட்டார். "தூரத்தை சிப்பாயோட அடி வட்டத்து ஓரத்துல இருந்து அளக்கறதா, நடுவுல இருந்தா? அதை அவரைச் சொல்லச் சொல்லுங்க" என்று தம்பியான தோப்புக்காரர் கேட்டார். பார்வைக் கோட்டைச் சரிபார்க்க நூல் பிடித்தார்கள். நூல் தொய்கிறது என்று தகராறு. மரத்தின் நிழலில் நிற்பவன் மறைவில் இருக்கிறானா என்று தகராறு. டாக்டர் ஒரு மூலையில் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார். நான் எழுதி எழுதி அடித்தேன்.

காத்திருப்புக் கட்டமும் வந்தது. இரண்டு பேரும் எல்லா ஆட்களையும் குறிபார்க்க வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்கள். நான் டீ போட்டுக் கொடுத்தேன். குடித்தார்கள், நகரவில்லை. வடை வாங்கி வரச் சொல்லிக் கொடுத்தேன். தின்றார்கள், நகரவில்லை. விட்டிருந்தால் கோர்ட் தீர்ப்பு வருகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். அங்கேயே நின்றுகொண்டு புது விதி எழுதினேன்: காத்திருப்பவன் ஒவ்வொரு முறை காத்திருக்கும்போதும் அவன் சுடும்போது உருட்ட வேண்டிய பகடைகளில் ஒன்று குறையும். குறிபார்த்தே நிற்கிறவனுக்குக் கண் சோர்ந்துவிடும் என்பது நியாயம்தானே. பகடை குறையத் தொடங்கியதும் இரண்டு பேருக்கும் கை அரித்தது. பெரியவர்தான் முதலில் நகர்ந்தார்.

மாதக்கணக்காக இப்படி ஆடினார்கள். சமாதானமாகிவிட்டார்களா என்று கேட்காதீர்கள், வழக்கு அப்படியேதான் நடக்கிறது. எனக்கு அவர்கள் சமாதானம் தேவைப்படவில்லை, சண்டைதான் தேவைப்பட்டது. என் ஒவ்வொரு வாக்கியத்தையும் சல்லடை போட்டுச் சலித்தார்கள். ஆனால் படுத்தவனை எழுப்பும் விதியில் மட்டும் அவர்களால் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. "ஆளை அனுப்பினா ஒரு மொறை போகுது. அனுப்பலீன்னா ஆளே போயிடறான். செரியாத்தான் இருக்குது" என்றார் பெரியவர். தம்பி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதுவே பெரிய சம்மதம்.

திருத்திய பிரதியைச் சென்னைக்கு அனுப்பினேன். கம்பெனிக்காரர் சந்தோஷமாகப் பேசினார். எல்லா ஓட்டையும் அடைபட்டுவிட்டது, பெட்டிக்குப் படம் வரைய ஆள் பார்த்தாகிவிட்டது. ஒரே ஒரு மாற்றம்தான். "அந்தப் படுத்துக்கிற ரூலை மட்டும் எடுத்துடலாம் மேடம். பகடை உருட்டி நாலு விழுந்தா எழுந்துக்கட்டும். ஆடுறவங்களுக்கு அவங்க ஆள் அவங்க சொன்னதைக் கேக்கணும். இல்லைன்னா வெறுத்துடுவாங்க." கோயம்புத்தூரில் ஒரு கல்யாணத்துக்கு வருவதாகவும், அப்படியே வீட்டுக்கு வந்து ஒப்பந்தத்தை முடித்துவிடலாம் என்றும் சொன்னார்.

எனக்கு அந்தப் பெட்டி வேண்டும். அதை மறைக்க மாட்டேன். ஏதாவது ஒரு ஊரில் ஒரு கடை அலமாரியில் நான் எழுதிய ஆட்டம் இருக்க வேண்டும், முகம் தெரியாத இரண்டு பேர் அதைப் பிரித்து என் வாக்கியங்களை வைத்துச் சண்டை போட வேண்டும் என்று வருடக்கணக்காக ஆசை. அந்த ஒரு விதியை விட்டுக்கொடுத்தால் அது கிடைக்கும். சில நாட்கள் நாலு விழுந்தால் எழலாம் என்பதை எழுதிப் பார்த்தேன். ஒரே வரிதான். எழுதுவதும் சுலபம், ஆடுவதும் சுலபம். படித்தபோதெல்லாம் களத்து மேட்டுச் சிரிப்பு காதில் கேட்டது.

அவர் வந்தார். முகூர்த்தம் முடித்து, பட்டு வேட்டியோடு, நெற்றியில் சந்தனத்தோடு வந்தார். தன்மையான மனிதர், அவர் மேல் எனக்கு இன்றும் வருத்தம் இல்லை. ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் பேசலாம் என்றேன். கார் ஷெட்டில் பலகையை விரித்தோம். என் வீட்டுக்காரர் காபி கலந்து கொண்டுவந்து வைத்துவிட்டு, வழக்கமில்லாத வழக்கமாக அங்கேயே நின்று வேடிக்கை பார்த்தார்.

கம்பெனிக்காரருக்கு ஆடத் தெரிந்திருந்தது. அவர் ஆள் ஒருவன் மோட்டார் ரூமை அடைந்துவிட்டால் அவருக்கு வெற்றி. அவன் வாசலுக்கு மூன்று அங்குலம் இருக்கும்போது என் ஆள் சுட்டான். படவில்லை. விதிப்படி அவன் படுத்தான். சுட்ட என் ஆளை அடுத்த முறையே டாக்டரைப் போல விட்டுக்கொடுத்து எங்கோ தூரத்துக்கு நகர்த்திவிட்டேன். இப்போது படுத்தவனைச் சுற்றி எதிரியே இல்லை. கம்பெனிக்காரருக்கு இன்னொரு ஆள் இருந்தான், கல் வேலியோரம். அவனை அனுப்பினால் எழுப்பலாம், ஆனால் வேலியை விட வேண்டும். அவர் அனுப்பவில்லை. படுத்துக் கிடந்தவனை விரலால் தட்டினார்.

"பாருங்க மேடம், இதைத்தான் சொல்றேன். என் ஆளுக்கு அடியே படலை. சுட்டவனும் போயிட்டான். அப்புறம் எதுக்கு இவன் எழுந்திருக்க மாட்டேங்கிறான்?"

என் வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "அதுக்கு ஒரு கதை இருக்குதுங்க" என்று ஆரம்பித்தார். வாழைத்தோட்டம் வந்தது, வாய்க்கால் வந்தது. நான் குறுக்கிடவில்லை. யானை மேட்டுப்பாளையம் போய்ச் சேர்ந்த இடம் வரைக்கும் விட்டேன். விருந்தாளி நன்றாகச் சிரித்தார்.

"நங்கை வந்ததையும் சொல்லுங்க" என்றேன்.

"எந்த நங்கை?"

"உங்க அக்கா. அதை எப்பவும் உட்டுடறீங்க. நீங்க எல்லாரும் மேட்டுல நின்னு போயிருச்சு போயிருச்சுன்னு கத்துனீங்க. போயிருச்சுன்னு எனக்கும் தெரியுமுங்க. அவங்க ஒருத்தர்தான் எறங்கி வந்தாங்க. அவங்க வந்து முதுகுல கையை வெச்ச பொறகுதான் நான் எந்திரிச்சேன். கதையில அதுதான் முக்கியம். அதைச் சொல்லாம நீங்க சொல்றது என் கதை இல்லீங்க."

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடம் இலையைப் பார்த்துச் சிரித்ததற்கெல்லாம் சேர்த்து வந்த கோபம். படுத்துக் கிடந்ததில் எனக்கு வெட்கம் இல்லை என்று அந்த நொடிதான் எனக்கே தெரிந்தது. மேட்டில் நின்றவர்கள்தான் வெட்கப்பட வேண்டும். என் வீட்டுக்காரர் காபி டம்ளர்களை எடுப்பதா வைப்பதா என்று தெரியாமல் நின்றார்.

கம்பெனிக்காரர் சட்டென்று சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "சாரி மேடம். புரியுது" என்றார். கொஞ்சம் யோசித்து, நல்ல மனதோடு ஒரு வழியும் சொன்னார். "ஒண்ணு பண்ணலாம். மெயின் ரூல் நாலு விழுந்தா எழுந்துக்கறதுதான். உங்க ரூலைக் கடைசிப் பக்கத்துல, விரும்பினால் சேர்த்து ஆடலாம்னு போட்டுடலாம். உங்களுக்கும் திருப்தி, எங்களுக்கும் கஷ்டமில்லை."

எங்கள் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே மறுக்க மாட்டார்கள். பாக்கலாங்க என்போம். கேட்கிறவருக்கும் அதன் அர்த்தம் தெரியும், எழுந்து போய்விடுவார், யாருக்கும் மனக்கசப்பு இல்லை. அந்தச் சொல் என் நாக்கு நுனி வரை வந்தது.

"முடியாதுங்க" என்றேன்.

"மேடம், விருப்பம் இருக்கிறவங்க…"

"வேணுமா வேண்டாமான்னு அன்னிக்கு என்னை யாரும் கேக்கலீங்க."

அவர் மேஜையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்போ பெட்டி வராது மேடம். நான் என் டீமுக்கு எப்படிச் சொல்வேன்?"

"வர வேண்டாமுங்க. முடியாதுன்னு சொல்லிட்டேன்னு சொல்லுங்க."

மீதிக் காபியைக் குடித்தார். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையை எடுத்துக்கொண்டார். வாசல் வரை போய் வழியனுப்பினேன், மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. திரும்பி வந்து ஷெட்டில் உட்கார்ந்து அழுதேன். சரியாகச் செய்தோம் என்பதால் வருத்தம் இல்லாமல் போய்விடாது. பெட்டி போனது போனதுதான்.

என் வீட்டுக்காரர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அது அவர் சுபாவத்தில் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த ஒரு கல்யாணப் பந்தியில் அவர் சித்தப்பா யானைக் கதையைக் கேட்டபோது, "அவளையே கேளுங்க" என்று ரசத்துக்குக் கையை நீட்டிவிட்டார். நான் முழுக் கதையையும் சொன்னேன். இரண்டு பேர் பாதியிலேயே சிரித்தார்கள். சிரிக்கட்டும். நான் நிறுத்தவில்லை.

அந்தக் கம்பெனி வேறொருவர் எழுதிய காலாட்படை ஆட்டத்தை வெளியிட்டது. டாக்டர் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு வந்தார். அருமையான படம், வழவழவென்று தாள். ஆட்டமும் விறுவிறுப்பாகத்தான் இருந்தது, உபசாரத்துக்குச் சொல்லவில்லை. அதில் படுத்தவன் நாலு விழுந்தால் எழுந்துகொள்கிறான். பெரியவர் ஒரே ஒரு முறை ஆடிவிட்டு, "இவனுக்கு எதுக்குக் கூட்டாளிங்க?" என்று கேட்டுப் பெட்டியை மூடினார். பொறாமையாகத்தான் இருந்தது எனக்கு. அந்தப் பெட்டியின் மூலையை விரலால் தடவிப் பார்த்தேன்.

என் விதிகளை ஜெராக்ஸ் கடையில் பிரதி எடுத்து ஸ்பைரல் போட்டு வைத்திருக்கிறேன். ஆட வருகிறவர்களுக்கு ஒன்று கொடுக்கிறேன். ஐடி கம்பெனியில் வேலை செய்கிறவர்கள், காலேஜ் பெண்கள் என்று இப்போது புதிதாகச் சிலர் வருகிறார்கள். விதியை எல்லோரும் வாசித்துவிட்டுத்தான் உட்காருகிறார்கள். ஆனாலும் முதல் ஆள் படுத்ததும் பழக்கத்தில் எல்லோருடைய கையும் பகடைக்குத்தான் போகிறது. உருட்டுவதற்கு முன்னால் நான் பகடையின் மேல் கையை வைத்துவிடுகிறேன்.

"இதுக்குப் பகடை இல்லீங்க" என்கிறேன். "யாராச்சும் போகோணும்."